ரோட்டுக்குக் கீழே வீடு: மலைக்கிராமத்தில் எந்த செப்டிக் டேங்க் சரிப்படும்?

கோத்தகிரிப் பக்கம் யார் வீட்டுக்கு வழி கேட்டாலும் முதலில் சொல்வது ரோட்டுக்கு மேலேயா, கீழேயா என்பதைத்தான். தெருப்பெயர், கதவு எண்ணெல்லாம் அப்புறம். மேலே இருப்பவர்களுக்குக் குடிதண்ணீரை ஏற்றுவது பெரும்பாடு. கீழே இருப்பவர்களுக்குக் கழிவை ஏற்றுவது அதைவிடப் பெரும்பாடு. எங்கள் வீடு கீழே. ரோட்டிலிருந்து 46 படி.

அப்பா காலத்தில் சிமென்ட் உறை இறக்கிய ஒற்றைக் குழிதான் எங்கள் வீட்டில் இருந்தது. "முப்பது வருஷம் ஆச்சு, ஒருதரம்கூட அள்ளினதில்லை" என்று அவர் பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமையில் ஓட்டை இருந்தது, நிஜமாகவே. அடியில் தளம் போடாத குழி. போனதெல்லாம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு தட்டு கீழே சித்தியின் தேயிலைக்கு நடுவில் ஓர் ஊற்று உண்டு. மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் லேசாக வாடை அடிக்கும். இலை அழுகியிருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். மலைச்சரிவில் ஒரு குழி நிரம்பவே மாட்டேன் என்கிறதென்றால், அது கீழ்வீட்டுக்காரர் கணக்கில் நிரம்பிக்கொண்டிருக்கிறது.

போன வருடம் வீட்டைப் பிரித்துக் கட்டியபோது இந்தக் குழியை மூடிவிட்டு வேறென்ன போடுவது என்ற கேள்வி வந்தது. மேஸ்திரி செங்கல் டேங்க் என்றார். கடைக்காரர் பிளாஸ்டிக் டேங்க் என்றார். மச்சான் கைபேசியில் ஒரு பயோ டேங்க் வீடியோவைக் காட்டினார். ஊராட்சியில் இரட்டைக் குழி நல்லதென்றார்கள். நாலு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் நால்வரும் பேசியது டேங்கைப் பற்றி மட்டும்தான்.

முதலில் லாரியைக் கேளுங்கள்

எந்த டேங்க் போட்டாலும் அடியில் கசடு சேரும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். சமவெளியில் இது ஒரு போன் கால். லாரி வாசலுக்கு வரும், அரை மணி நேரத்தில் வேலை முடியும். மலையில் லாரி ரோட்டில்தான் நிற்கும், டேங்க் எங்கோ பள்ளத்தில் கிடக்கும்.

நான் வேலையை ஆரம்பிக்கும் முன் ஒரு லாரிக்காரரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டினேன். செய்ததில் உருப்படியான காரியம் அதுதான். ரோட்டோரம் நின்று எட்டிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை படிங்கண்ணா?"

"நாப்பத்தாறு."

"படிக்கு அரை அடி. இருபத்திமூணு. டேங்கோட அடி இன்னொரு அஞ்சாறு. வராதுங்கண்ணா. இருபது அடிக்கு மேல நம்ம மிஷின் இழுக்காது."

அவர் அனுபவத்தில் சொன்னதற்குப் பின்னால் எளிய இயற்பியல் இருக்கிறது. லாரி கழிவை 'இழுப்பதில்லை'. டேங்கருக்குள் காற்றை வெளியேற்றி வெற்றிடம் உண்டாக்குகிறது. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் கழிவைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அந்த அழுத்தம் தண்ணீரை அதிகபட்சம் சுமார் 34 அடி தூக்கும். கோத்தகிரி, குன்னூர் போல 1,800 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால் அது 27 அடிக்குக் குறைகிறது. ஊட்டியில் இன்னும் ஓர் அடி குறையும். அதுவும் பழுதே இல்லாத பம்பு, கசிவே இல்லாத குழாய், சுத்தமான தண்ணீர் என்றால். கெட்டியான கசடுக்கு 18, 20 அடி வந்தாலே பெரிது. எங்கள் வீட்டுக் கணக்கோ 28 அடியைத் தாண்டியது. மேட்டுப்பாளையத்தில் வேலை செய்யும் அதே லாரி இங்கே கையை விரிப்பது இதனால்தான்.

லாரிக்காரரே ஒரு வழியும் சொன்னார். மலை ரோடு வளைந்துதானே இறங்குகிறது? எங்கள் வீட்டுக்கு மேலே போகும் அதே ரோடு ஒரு கொண்டை ஊசி திரும்பி எங்களுக்குக் கீழேயும் போகிறது. "கீழ் வளைவுல வண்டியை நிறுத்தினா, டேங்க்ல இருந்து ஒரு தம் கட்டி வெளிய எடுத்தாப் போதும். மிச்சம் தானா இறங்கிரும்." மேலே ஏற்றவே முடியாதது கீழே வழிந்து வரும். நடுவில் இருப்பது சித்தியின் தேயிலை. அவர் சம்மதம் வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் இடத்தில் முதலில் இதை அளந்துகொள்ளுங்கள்: லாரி நிற்கக்கூடிய இடம் எது, அங்கிருந்து டேங்கின் அடிவரை இறக்கம் எவ்வளவு, ஹோஸ் போகும் வழி யாருடைய நிலம். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் டேங்க் வகை பாதி தானாகவே முடிவாகிவிடும். லாரிக்கு எந்தப் பக்கமும் வழியே இல்லையென்றால் முடிவு வேறு. அதை இரட்டைக் குழியில் சொல்கிறேன்.

நான்கு வகை, நான்கு தொல்லை

செங்கல் அல்லது கான்கிரீட்டில் இரண்டு அறையாகக் கட்டும் டேங்க் பழைய முறைதான், ஆனால் கணக்குத் தெளிவானது. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 2470 ஐந்து பேர் வீட்டுக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், சுமார் ஒரு மீட்டர் நீர் ஆழம் என்கிறது. மலையில் இந்த அளவை நான் ஏற்கமாட்டேன். கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்குச் சூடு வேண்டும். 35 டிகிரியில் சுறுசுறுப்பாக இருப்பவை 15-க்குக் கீழே தூங்கி வழியும். குளிர்காலத்தில் செரிமானம் மந்தமாவதால் கசடு வேகமாகச் சேரும். அதனால் வீட்டில் நாலு பேர் என்றாலும் பத்துப் பேர் அளவுக்குக் கட்டுவது புத்திசாலித்தனம்: 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் நீர் ஆழம். சுமார் 2,500 லிட்டர். கூடுதல் செங்கலுக்கு ஆகும் செலவு ஒரு லாரி நடையைத் தள்ளிப்போட்டாலே திரும்பிவிடும்.

தொல்லை எங்கே என்றால் சுமையில். மணல் சமவெளியிலிருந்து ஏறி வர வேண்டும்; வந்த மணலும் ஜல்லியும் செங்கல்லும் ரோட்டிலிருந்து 46 படி தலைச்சுமையாக இறங்க வேண்டும். சுமைகூலி பொருள் விலையோடு போட்டி போடும். இன்னொன்று, பூச்சு. உள்பூச்சு ஒழுங்காக இல்லாத செங்கல் டேங்க் என்பது செலவு பிடித்த ஒற்றைக் குழிதான். கட்டி முடித்ததும் தண்ணீர் நிரப்பி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, மறுநாள் பாருங்கள். கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருந்தால் மேஸ்திரிக்கு மீதிக் கூலியைக் கொடுக்காதீர்கள்.

பிளாஸ்டிக் டேங்கின் பெருமை இந்தச் சுமைக் கணக்கில்தான் இருக்கிறது. நாலு ஆள் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். கசிவு கிடையாது, ஒரு நாளில் வேலை முடியும். இதைத்தான் சித்தி வீட்டில் போட்டார்கள். விற்றவர் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம், அது மிதக்கும் என்பது. ஒரு நவம்பரில், மண்ணெல்லாம் தண்ணீர் ஊறிக் கிடந்த சமயத்தில், டேங்க் நிரம்பிவிட்டதென்று முழுசாகக் காலி செய்தார்கள். மூன்றாம் நாள் காலையில் டேங்க் பூமிக்கு மேலே ஒரு முழம் எழும்பி, பைப் இரண்டும் ஒடிந்து, சாய்ந்து நின்றது. 2,000 லிட்டர் டேங்க் காலியானால் ஈர மண் அதை இரண்டு டன் விசையோடு மேலே தள்ளும். அடியில் கான்கிரீட் தளம் போட்டு அதோடு டேங்கை இழுத்துக் கட்டுவது, மழைக்காலத்தில் காலி செய்யாமல் இருப்பது, காலி செய்தாலும் உடனே தண்ணீர் விடுவது. இந்த மூன்றும் செய்தால் பிளாஸ்டிக் நல்ல தேர்வுதான். ரோட்டோர வீட்டுக்குச் செங்கல், படியிறங்கும் வீட்டுக்கு நங்கூரம் போட்ட பிளாஸ்டிக் என்பது என் கட்சி.

பயோ டேங்க் விஷயத்தில் நிதானம் வேண்டும். அதன் மூலம் மதிப்பானது. சியாச்சின், லடாக் போன்ற உறைகுளிர் முகாம்களில் இருக்கும் ராணுவத்தினருக்காகப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ உருவாக்கிய முறை அது. குளிரிலும் வேலை செய்யும் நுண்ணுயிர்க் கலவைதான் அதன் உயிர். அதே வழியில் வந்ததுதான் ரயில் பெட்டிகளுக்கு அடியில் இருக்கும் தொட்டியும். அங்கே அடைப்புப் புகார்கள் குவிந்ததைத் தலைமைத் தணிக்கை அதிகாரியின் 2017 அறிக்கையே பட்டியலிட்டது. வீட்டுக்கு வாங்கும்போது இரண்டு சிக்கல். ஒன்று, பயோ என்று பெயர் ஒட்டிய சாதாரண பிளாஸ்டிக் டேங்குகள் கடையில் நிறைய. உள்ளே தடுப்பறைகள் எத்தனை, நுண்ணுயிர்க் கலவை யாரிடமிருந்து வருகிறது, தொழில்நுட்ப உரிமம் உண்டா என்று கேட்டால் பாதிப்பேர் பேச்சை மாற்றுவார்கள். இரண்டாவது, வாராவாரம் கக்கூஸில் ஆசிட் ஊற்றிக் கழுவும் வீட்டில் அந்த நுண்ணுயிர் பிழைக்காது. வெளியே வரும் தண்ணீர் தெளிவாக இருப்பதால் சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம், கிருமி அதிலும் உண்டு. "பராமரிப்பே வேண்டாம் சார்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

கடைசியாக இரட்டைக் குழி. இதை ஏழை வீட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறார்கள். லாரி எந்தப் பக்கமும் வர முடியாத வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு குழி நிரம்பியதும் சந்திப்புத் தொட்டியில் அந்த வாயை அடைத்து மற்றதைத் திறந்துவிடுகிறோம். மூடிய குழி சும்மா கிடந்து மண்ணாகும். பிறகு அதை வீட்டுக்காரரே மண்வெட்டியால் எடுத்துச் செடிக்குப் போடலாம். சமவெளியில் ஒரு வருடம் போதும் என்பார்கள். குளிர்ப் பிரதேசத்தில் அது போதாது: 20 டிகிரிக்குக் கீழான இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனமே ஒன்றரை முதல் இரண்டு வருடம் சேமித்து வைக்கச் சொல்கிறது, குடற்புழு முட்டைகள் குளிரில் அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு குழியும் நிரம்ப இரண்டு வருடத்துக்கு மேல் பிடிக்கும் அளவில் இருக்க வேண்டும்.

மலையில் இதைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே தவறு. இடம் இல்லையென்று ஒரு குழியை மேல்தட்டிலும் மற்றதைக் கீழ்த்தட்டிலும் வெட்டிவிடுவார்கள். மேல்குழியின் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக் கீழ்க்குழிக்கு வந்துவிடும். ஓய்வில் இருக்கும் குழி ஓய்வெடுக்கவே முடியாது. இரண்டும் ஒரே மட்டத்தில், பக்கவாட்டில், ஒரு மீட்டருக்குக் குறையாத இடைவெளியில் இருக்க வேண்டும். பத்து லிட்டர் ஃபிளஷ் டேங்க் வைத்த வெஸ்டர்ன் டாய்லெட்டை இதோடு இணைக்காதீர்கள். குளியல் தண்ணீரும் வேண்டாம். அடியில் ஊற்று சுரக்கும் நிலம் என்றால் இந்த வழியே இல்லை.

டேங்கைத் தாண்டிய தண்ணீர்

டேங்க் கழிவை நிறுத்தி வைக்கும், தண்ணீரை நிறுத்தாது. உள்ளே எவ்வளவு போகிறதோ அவ்வளவு வெளியே வரும். சமவெளியில் ஒரு உறிஞ்சுகுழி வெட்டி அதில் விடுவார்கள். மலைச்சரிவில் ஒரே இடத்தில் ஆழமாகக் குழி வெட்டித் தினமும் சில நூறு லிட்டர் தண்ணீரை மண்ணுக்குள் செலுத்துவது நல்லதல்ல. நீலகிரியின் மண் பல இடங்களில் பாறைமேல் கனமாகப் படிந்த செம்மண். தண்ணீர் குடித்துக் கனத்தால் வழுக்கும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பகுதிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சரிவுகளுக்குக் காரணம் மழைதான், உறிஞ்சுகுழி அல்ல. ஆனாலும் ஏற்கெனவே ஈரமான சரிவில், அதுவும் தடுப்புச்சுவருக்குப் பின்னாலேயே, வருடம் முழுக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பது மழைக்கு நாமே பாதி வேலையைச் செய்து வைப்பது மாதிரி.

முதலில் மண் எவ்வளவு குடிக்கும் என்று பாருங்கள். தண்ணீர் விடப்போகும் ஆழத்தில் ஒரு சாண் அகலக் குழி எடுத்து, முதல்நாள் ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மறுநாள் தண்ணீர் ஊற்றி ஓர் அங்குலம் இறங்க எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பாருங்கள். அரை மணி வரை ஆனால் உறிஞ்சுகுழி தாங்கும். அரை மணியிலிருந்து ஒரு மணி என்றால் நீளமான வாய்க்கால்தான். ஒரு மணிக்கு மேல் என்றால் அந்த மண்ணை நம்பக்கூடாது. இதுவும் ஐஎஸ் 2470 சொல்வதுதான். மலைக்கு நான் ஒன்று சேர்த்துக்கொள்வேன்: இரண்டு மூன்று நிமிடத்திலேயே மாயமானால் சந்தோஷப்படாதீர்கள். அது பாறை இடுக்கு வழியே நேராக யாரோ ஒருவருடைய ஊற்றுக்குப் போகிறது.

நாங்கள் போட்டது வாய்க்கால். சரிவுக்குக் குறுக்கே, தேயிலை வரிசை ஓடும் அதே மட்டத்தில், இரண்டடி ஆழத்தில், 40 அடி நீளம். ஜல்லி பரப்பி, ஓட்டை போட்ட பைப்பை மட்டம் பார்த்து வைத்து, மேலே மண் மூடிக் கல்வாழை நட்டோம். தண்ணீர் ஒரே இடத்தில் இறங்காமல் நீளத்துக்கும் பரவுகிறது. பனிமூட்ட மாதங்களில் செடி அதிகம் குடிக்காது, அப்போதெல்லாம் மண்ணை நம்பித்தான் இருக்கிறோம். குடிநீர் ஆதாரத்திலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் சரிவில் மீட்டர் கணக்கு மட்டும் போதாது. ஊற்றுக்குப் பக்கவாட்டில் 18 மீட்டர் என்பது வேறு, ஊற்றுக்கு நேர் மேலே 18 மீட்டர் என்பது வேறு. நாங்கள் வாய்க்காலைச் சித்தியின் ஊற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்பியதற்கு அதுதான் காரணம்.

கூரைத் தண்ணீரைத் தயவுசெய்து டேங்கில் விடாதீர்கள். ஐப்பசி மழை ஒரே ராத்திரியில் டேங்கைக் கலக்கிக் கசடையெல்லாம் வாய்க்காலுக்குத் தள்ளிவிடும். ஒருமுறை கசடு ஏறிய வாய்க்கால் அவ்வளவுதான், தோண்டிப் புதிதாகப் போட வேண்டும்.

அள்ளுவது எப்போது, யார்?

பாக்டீரியா பவுடர் போட்டால் லாரியே வேண்டாம் என்று பாக்கெட் விற்கிறார்கள். டேங்குக்குத் தேவையான நுண்ணுயிர் நம் வயிற்றிலிருந்தே தினமும் போய்க்கொண்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்க ஒன்றுமில்லை.

நிரம்பி வழிந்த பிறகு கூப்பிடுவதா, கணக்கு வைத்துக் கூப்பிடுவதா என்றால், மலையில் இரண்டாவதுதான். சமவெளியில் வழிந்தால் அன்றைக்கே லாரி வரும். இங்கே மே மாத சீசனில் வழிந்தால், ஒருவழிப் பாதையும் சுற்றுலா வண்டிகளுமாக ரோடு அடைத்துக் கிடக்கும். ஹோம்ஸ்டே டேங்குகள் எல்லாம் அப்போதுதான் நிரம்பும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் காய்ந்திருக்கும் பிப்ரவரி, மார்ச் சரியான நேரம்.

தேவையா இல்லையா என்று பார்க்க ஒரு மூங்கில் போதும். அடிப்பக்கம் நாலடி உயரத்துக்குப் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, மூடியைத் திறந்து சற்றுநேரம் காற்றாட விட்டு, தள்ளி நின்றபடி மெல்ல அடிவரை இறக்குங்கள். இரண்டு மூன்று நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து எடுத்தால் துண்டில் கறுப்பு ஏறியிருக்கும் உயரம்தான் கசடு. அது நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் லாரிக்குச் சொல்லுங்கள். பீடி, தீக்குச்சி அருகில் வேண்டாம், உள்ளே மீத்தேன் இருக்கும். தலையை நீட்டி எட்டிப் பார்க்கவும் வேண்டாம். ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மூக்கையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்பதே ஆபத்தின் அடையாளமாக இருக்கலாம்.

லாரி எட்டாத வீடுகளில் நடக்கும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இருட்டியதும் இரண்டு ஆளைக் கூட்டி வந்து வாளியால் அள்ளச் சொல்வது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஆளை டேங்கில் இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறப்போர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியதே, இன்னும் சாவு நிற்கவில்லை என்பதால்தான். லாரிக்கு வழி தெரியாவிட்டால் செப்டிக் டேங்க் சுத்தம் செய்வதற்கான 14420 என்ற உதவி எண்ணுக்குப் பேசிப் பாருங்கள். கசடு எங்கே போய்க் கொட்டப்படுகிறது என்பதையும் லாரிக்காரரிடம் கேளுங்கள். "பார்த்துக்கலாங்க" என்று பதில் வந்தால் அது ஏதோ ஒரு ஓடைக்குத்தான் போகிறது.

எங்கள் கணக்கு கடைசியில் இப்படி முடிந்தது. 2,000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், அடியில் கான்கிரீட் தளம், நாலு இரும்புப் பட்டை. அதிலிருந்து சித்தியின் தேயிலை வரிசை ஓரமாகக் கீழ் வளைவு வரைக்கும் மண்ணுக்கடியில் நிரந்தரமாக ஒரு மூன்று அங்குலக் குழாய், ரோட்டோரத்தில் லாரி ஹோஸ் மாட்டுகிற கப்ளிங், அதன்மேல் பூட்டுப் போட்ட மூடி. அந்தக் குழாய் டேங்க் விலையில் பாதிக்கு வந்தது. மேஸ்திரி உட்பட எல்லோரும் வீண்செலவு என்றார்கள். சித்தி மட்டும் சம்மதத்தோடு ஒரு நிபந்தனையும் வைத்தார்: அவர் வீட்டு டேங்கையும் அதே குழாயில் சேர்க்க வேண்டும், லாரிக்காசில் பாதி அவர் தருவார்.

இந்த மார்ச்சில் முதல்முறை லாரி வந்தது. புது டேங்கில் எடுக்க ஒன்றுமில்லை. சித்தி வீட்டுடையதை எடுக்கத்தான். லாரிக்காரர் கீழ் வளைவில் வண்டியை ஓரங்கட்டி, ஹோஸை மாட்டி, வால்வைத் திறந்தார். கொஞ்ச நேரம் காற்று சீறியது. பிறகு குழாய் ஒருமுறை உதறி, கனத்து, அமைதியாக ஓட ஆரம்பித்தது. கடைசியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் குழாயைக் கழுவிவிடச் சொன்னார், இல்லையென்றால் உள்ளேயே காய்ந்து அடைத்துக்கொள்ளுமாம். சித்தி ஊற்றிலிருந்து மொண்டு வந்து ஊற்றினார்.